பள்ளத்தில் முப்பதாயிரம் கன்றுகள்

வைட்டோரு பள்ளத்தாக்கு
16 மார்ச் 2025

அலிஸ்டர்,

நீ நாலு தடவை போன் செய்தாய். நாலு தடவையும் மணி அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாயால் பேசினால் நீ என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். சிரித்து முடித்த பிறகு எதற்காகக் கோபப்பட்டேன் என்பதே எனக்கு மறந்துபோகும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் தப்பித்து வருகிறாய். அதனால் எழுது. எழுத்தில் உனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

கம்பளிக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள பள்ளம் மழையில் சரிந்ததை நீ வந்து பார்த்தாய். பார்த்துவிட்டு நேப்பியருக்குக் கார் ஏறிப் போய்விட்டாய். அதன் பக்கத்தில் குடியிருப்பவள் நான். அதில் புதைந்திருந்த அட்டைப்பெட்டிகள் வெளியே வந்து கூழாகிவிட்டன. அவற்றுக்குள் கட்டுக்கட்டாக டோட்டாரா, கானுக்கா மரக்கன்றுகள் எல்லாம் வேரோடு அழுகிக் கறுப்புக் குழம்பாக ஓடைக்குள் இறங்குகின்றன. நாய் அதில் போய்ப் புரண்டுவிட்டு வந்தது. மூன்று தரம் குளிப்பாட்டினேன். இன்னும் அது பக்கத்தில் வந்தால் எனக்குக் குமட்டுகிறது.

ஆனால் குமட்டல் அதனால் மட்டும் இல்லை. புதன்கிழமை முற்றத்தில் நடந்ததற்காகத்தான் எழுதுகிறேன். கம்பெனி மேனேஜர் பிரெண்டன் கன்று நடும் ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தி, "யார்றா இத்தனை கன்னையும் குழியில கொட்டினது?" என்று கேட்டான். நீதான் முன்னால் வந்தாய். "மேற்குச் சரிவுல நடுறதை விலியாமி ஆளுங்க கிட்டத்தான் குடுத்திருந்தேன்" என்றாய், உன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு.

விலியாமி கத்தவில்லை. "பாஸ், எங்களை ஓடை மேட்டுக்கு அனுப்பினது நீங்கதானே?" என்றுதான் கேட்டான்.

"எனக்கு அப்படி ஞாபகம் இல்ல."

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். உன் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

வேலை போய், நேற்று விலியாமியும் அவன் மனைவி லுபேயும் கிளம்பினார்கள். பத்து மாதம் நம் கொட்டகை வீட்டில் குடியிருந்தவர்கள். சாமான் எல்லாம் வேனில் ஏற்றிய பிறகும் லுபே முழங்காலில் உட்கார்ந்து அடுப்படித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "விடும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

"வேண்டாங்க்கா. அழுக்காப் போட்டுட்டுப் போனாங்கன்னு அதையும் எங்க மேல சொல்லிடுவாங்க."

விலியாமி அதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அவன் காலிப் பெட்டிகளை மடித்து, மாலையில் எண்ணி அடுக்கிவிட்டுத்தான் கை கழுவுவான். அப்படிப்பட்டவன் முப்பதாயிரம் கன்றுகளைக் கொட்டமாட்டான். பிரெண்டனிடம் போய் உண்மையைச் சொல்.

லோர்னா


நேப்பியர்
24 மார்ச்

அக்கா,

காகிதம் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண், "கல்யாணப் பத்திரிகைக்கா சார்?" என்று கேட்டாள். அக்காவுக்குப் பாவமன்னிப்புக் கடிதம் என்றேன். சிரித்தாள். நீ சிரிக்கமாட்டாய் என்று தெரியும்.

நடந்தது நல்லதில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ அதைப் பெரிதாக்குகிறாய். விலியாமி கைத்திறன் உள்ளவன். ஹேஸ்டிங்ஸில் ஆப்பிள் பறிக்கும் நேரம் இது. ஒரு வாரத்தில் வேலை கிடைத்துவிடும், அதுவும் தட்டை நிலத்தில், முதுகு ஒடியாமல். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என்னை யார் எடுப்பார்கள்?

பெரிய காரியத்தை யோசி. அந்தக் குன்றுகளில் நூறு வருஷமாக ஆடு மேய்ந்து மண் எல்லாம் கடலுக்குப் போய்விட்டது. இப்போதுதான் இந்த மண்ணின் மரம் திரும்பி வருகிறது. காற்றில் இருக்கிற கரியை இழுத்து வேரில் பூட்டி வைக்கப் போகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் எல்லாம் வெளிநாட்டுப் பைன். நம்முடையதில் மட்டும்தான் இல்லை. ஒரு பள்ளத்துக் குப்பைக்காக இந்தத் திட்டமே கெட்டுப்போக வேண்டுமா? கொட்டியது யாராக இருந்தாலும், மீதி நிலத்தில் கன்று இருக்கிறது. பிப்ரவரியில் நானே எண்ணி எழுதிக் கொடுத்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று உயிரோடு இருக்கிறது.

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். பொக்லைன் வைத்துப் பள்ளத்தை மூடிவிடுவார்கள்.

உன் அலிஸ்டர்


வைட்டோரு
31 மார்ச்

அலிஸ்டர்,

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று!

உன் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு மேற்குச் சரிவுக்கு ஏறினேன். என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். காலையில் போனவள் மத்தியானம்தான் இறங்கினேன். கன்றுக்குக் காப்பாக வைக்கும் பச்சை பிளாஸ்டிக் உறைகள், குச்சி நட்டு, வரிசை பிசகாமல், எதிர்க் குன்றிலிருந்து பார்த்தால் இராணுவம் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன்.

முதல் உறைக்குள் புல். இரண்டாவதில் நத்தைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. அடுத்ததில் புல். அதற்கடுத்ததில் ஒரு செத்த எலி, தோல் மட்டும். நூறு உறை தூக்கினேன், அலிஸ்டர். ஒன்பதில் கன்று இருந்தது. அந்த ஒன்பதில் நாலுதான் உயிரோடு. மற்ற தொண்ணூற்றொன்றில் கன்று நட்ட குழி கூட இல்லை. மண்வெட்டி படாத புல்தரை. வெறும் உறையை நட்டு வைத்திருக்கிறாய்!

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இறந்துபோன ஆளுக்குச் சட்டை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. வாந்தி எடுத்தேன். கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே குனிந்து எடுத்தேன்.

பிறகு ஓடை மேட்டுக்குப் போனேன். விலியாமியின் ஆட்கள் நட்ட இடம். அங்கே கன்று என் இடுப்பு வரை வளர்ந்திருக்கிறது.

ஆப்பிள் தோட்டத்தில் ஒரு வாரத்தில் வேலை என்றாயே. சனிக்கிழமை ஹேஸ்டிங்ஸ் போய்ப் பார்த்தேன். லுபேயின் சித்தப்பா வீட்டில் ஒரே அறையில் இருக்கிறார்கள். இரண்டு தோட்டத்தில் அவனை எடுக்கவில்லை. மூன்றாவதில் எடுத்தார்கள். அங்கே மேஸ்திரி ஏணியில் ஏறியவனைப் பார்த்து, "ஏய், செடிக்குக் குழி வெட்டிப் புதைச்சவன் நீதானே? ஆப்பிளையும் புதைச்சிடாதே" என்றானாம். எல்லாரும் சிரித்தார்களாம். விலியாமி ஏணியிலிருந்து இறங்கி, பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டான்.

என்னிடம் அவன் உன்னைத் திட்டவில்லை. "அலிஸ்டர் பாஸ் ஏன் அப்படிச் சொன்னார்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நான் அவருக்கு என்ன செஞ்சேன்?" என்றான்.

அதற்குப் பதிலை நீ எழுது.

லோர்னா


நேப்பியர்
9 ஏப்ரல்

லோர்னா,

சரி. கேட்டுக்கொள்.

போன ஆகஸ்டில் உறவுக்காரப் பெண் கெய்லியின் கல்யாணத்துக்கு டனீடின் போனோமே, அப்போது நடந்தது. நாற்றுப்பண்ணையிலிருந்து லாரிகள் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டன. முப்பதாயிரம் கன்றையும் கொட்டகையில் நெருக்கி அடுக்கிவிட்டுப் பூட்டினேன். சாவி என் பாக்கெட்டில். தண்ணீர் விடச் சொல்லி யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? மறந்துவிட்டேன். அவ்வளவுதான். மறந்தேன். ஒன்பது நாள் கழித்துத் திறந்தால் உள்ளே சூடாக ஆவி அடித்தது. மேல் வரிசை காய்ந்திருந்தது, கீழ் வரிசையில் வெள்ளைப் பூஞ்சை. பிழைக்கும் என்று பொறுக்கினால் பத்தில் ஒன்று தேறவில்லை.

ஐந்து நாளில் கம்பெனியில் பணம் போட்டவர்கள் ஹெலிகாப்டரில் வருகிறார்கள். மேற்குச் சரிவு முழுக்க நட்டாயிற்று என்று பிரெண்டன் அவர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டான். நான் என்ன செய்ய? விலியாமியை ஓடை மேட்டுக்கு அனுப்பினேன். ஜிஸ்போர்னிலிருந்து வேறு ஆட்களைக் கூட்டி வந்து தேறிய கொஞ்சத்தை நட்டு, மீதி இடத்தில் உறையை மட்டும் நட வைத்தேன். ஹெலிகாப்டரில் வந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருத்தி அழுதாள், அவ்வளவு அழகாக இருக்கிறதாம்.

விலியாமி எனக்கு ஒன்றும் செய்யவில்லை. முற்றத்தில் அவன் என் எதிரில் நின்றான். அவன் பெயர் வாயில் வந்தது. அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை. இதை எழுதும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. போதுமா?

ஆனால் நீ ஒன்றும் தெரியாதவள் மாதிரி எழுதுகிறாய் பார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. விலியாமி செய்யவில்லை என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரியும்? காலிப் பெட்டியை எண்ணுவானாம்! லோர்னா, நீ என்னைப் பார்த்தாய். கொட்டிய மூன்று நாளும் லாரியைப் பள்ளத்தின் விளிம்புக்குப் பின்புறமாக ஓட்டினேன். இரண்டாம் நாள் காலையில் நீ கொடியில் படுக்கை விரிப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தாய். லாரியிலிருந்து பெட்டிகள் விழுந்துகொண்டிருந்தன. நீ பார்த்தாய். கையைத் தூக்கினாய். நானும் கையைத் தூக்கினேன்.

அன்று மத்தியானம் ஆட்டுக்கறி வறுத்து எனக்குச் சாப்பாடு போட்டாய். ஒரு வார்த்தை கேட்டாயா? இல்லை. "இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வச்சுக்கோடா" என்றாய்.

நிலத்தை விற்றபோது, சாகும்வரை அந்த வீட்டில் நீ இருக்கலாம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. கம்பெனிக்குப் பிடித்தவரைக்கும்தான் அது என்றும் அதே காகிதத்தில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். நீயும் படித்திருக்கிறாய்.

அலிஸ்டர்


வைட்டோரு
22 ஏப்ரல்

அலிஸ்டர்,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்குப் பத்து நாள் ஆயிற்று. மூன்று காகிதத்தைக் கிழித்தேன். முதல் காகிதத்தில், காட்டு ஆட்டுப் பிணம் கொட்டுகிறாய் என்று நினைத்ததாக எழுதினேன். அதைத்தான் ஆகஸ்டிலிருந்து எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். ஆட்டுப் பிணத்தை யாரும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொட்டுவதில்லை என்று எனக்குத் தெரியாதா? ஐம்பத்தெட்டு வருஷம் ஆட்டுப் பண்ணையில் வாழ்ந்தவள்.

பார்த்தேன். என்னவென்று புரிந்தது. இந்த வீட்டு ஜன்னல், அடுப்பு, படுக்கை எல்லாம் போய்விடும் என்று கண்முன் வந்தன. கையைத் தூக்கினேன். அது வணக்கம் இல்லை. நான் எதையும் கேட்கமாட்டேன் என்று உனக்குச் சொன்னது. உனக்கும் அது புரிந்தது.

உன்னைப் பற்றி எனக்கு அருவருப்பு என்று மூன்று பக்கம் எழுதினேன். லுபே தரையைத் தேய்த்தபோது பக்கத்தில் நின்று "விடும்மா" என்றேனே, அந்தக் குரலை நினைத்தால் இப்போது எனக்குத் தோல் கூசுகிறது. அவள் புருஷனைக் காப்பாற்ற என்னால் முடிந்திருக்கும். அந்தப் புதன்கிழமை வாசற்படியிலிருந்து மூன்று அடி நடந்து வந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதிலாக உன்னை நல்லவனாக இருக்கச் சொல்லிக் கடிதம் எழுதினேன். அழுக்கை உன் கையாலேயே துடைக்க வைத்துவிட்டு நான் சுத்தமாக வீட்டில் இருக்கலாம் என்று பார்த்தேன்.

காட்டைக் கணக்கெடுக்கும் அரசாங்க அலுவலகத்துக்கு இன்று எழுதிப் போட்டுவிட்டேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினேன்: தேதி, லாரி, ஓட்டியவர் பெயர், பார்த்தும் பேசாமல் இருந்தவள் பெயர். பிரெண்டனுக்கும் ஒரு பிரதி. உனக்கு இது வரும் நாளில்தான் அவர்களுக்கும் போய்ச் சேரும். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயாகச் சொல்ல உனக்கு ஒரு காலைப் பொழுது இருக்கிறது. அதற்கு மேல் என்னால் உனக்குத் தர முடியவில்லை.

அக்கா


நேப்பியர்
1 மே

அக்கா,

கடிதம் பத்தரை மணிக்கு வந்தது. பதினொன்றுக்குப் பிரெண்டனின் அறையில் இருந்தேன். சட்டை கூட மாற்றவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகை, சாவி, உறை, பள்ளம், விலியாமி. அவன் கையில் காபி. ஆறும்வரை கேட்டுவிட்டு, "முடிச்சிட்டியா?" என்றான்.

"முடிச்சிட்டேன்."

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கிறிஸ்துமஸ் கழிஞ்சதுமே நானும் போய் ரெண்டு உறையைத் தூக்கிப் பாத்தவன்தான். நீ தொண்ணூத்தொண்ணுன்னு எழுதிக் குடுத்தப்போ, பரவால்ல, பையன் பொழைக்கத் தெரிஞ்சவன்னு சந்தோஷப்பட்டேன்."

அக்கா, நான் பயந்து பயந்து மறைத்ததை அந்த ஆள் ஆறப்போட்ட காபியோடு குடித்துக்கொண்டிருந்தான். எட்டு மாதம் நான் மூடி வைத்தது அவனுக்கு ஒரு சௌகரியமாக இருந்திருக்கிறது.

மேஜைமேல் ஒரு காகிதம் வைத்தான். கோடை வறட்சியில் கன்று போயிற்று என்று அதில் இருந்தது. "உங்கக்கா வயசானவங்க, கண்ணு சரியில்லன்னு ஒரு வரி சேத்துக்குவோம். கையெழுத்துப் போடு. வேலையும் இருக்கும், அவங்க வீடும் இருக்கும்."

பேனாவைக் கையில் எடுத்தேன் என்பதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். "எங்கக்கா கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அறுநூறு ஆட்டுல நொண்டுற ஆட்டை வேலிக்கு அந்தப் பக்கத்துலேருந்து காட்டுவா" என்றேன். அவனுக்கு அது சிரிப்பாக இருந்தது. அடையாள அட்டையையும் லாரிச் சாவியையும் வாங்கிக்கொண்டான்.

அந்த அலுவலகத்துக்கு நானும் எழுதிவிட்டேன். ஆட்கள் வரப்போகிறார்களாம். பள்ளத்தைத் தோண்டும்போது நான் இருக்க வேண்டுமாம்.

அலிஸ்டர்


வைட்டோரு
19 மே

அலிஸ்டர்,

வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. பத்து நாள். பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜிஸ்போர்னில் என் தோழி மார்கரெட் வீட்டு மாடியில் இப்போதைக்கு. நாயையும் அழைத்து வரலாம் என்றிருக்கிறாள்.

ஊரில் என்னோடு பேசுபவர்கள் குறைந்துவிட்டார்கள். தபால் கொண்டுவரும் டெரிக் கடிதங்களை வேலிக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறான். நேற்று அவனை நிறுத்திக் கேட்டேன்.

"நாங்க எல்லாரும் பைனை வேண்டாம்னு சண்டை போட்டோம். நம்ம மரம் வரும்னு ஒரு கம்பெனி வந்துச்சு. அதையும் நீங்க ரெண்டு பேரும் சேந்து கெடுத்தீங்க. இனி யாரு நம்ம மரத்தை நம்புவாங்க?" என்றான்.

கெட்டது கடிதம் எழுதியதாலா, கொட்டியதாலா என்று கேட்க நினைத்தேன். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். அவனைக் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

தோண்டும் நாளில் நான் இருக்கமாட்டேன். விலியாமியையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அவனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. கேட்டுக்கொண்டான். லுபே எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வரவில்லை. நானும் எழுந்து வந்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. எனக்கு யாரையும் மன்னிக்கும் யோக்கியதை இல்லை. கையுறை எடுத்துக்கொண்டு போ.

அக்கா


நேப்பியர்
6 ஜூன்

அக்கா,

கையுறை எடுத்துப் போனேன். அது பத்து நிமிடம் தாங்கியது.

பொக்லைன் மேல்மண்ணை வாரிப் போட்டது. அதற்குக் கீழே இருப்பதை எந்திரத்தால் தொட வேண்டாம் என்றார் கணக்கெடுக்க வந்த அதிகாரியம்மா. ஒவ்வொரு பெட்டியிலும் நாற்றுப்பண்ணையின் பிளாஸ்டிக் சீட்டு இருக்கும், வந்த தேதியோடு. அது கிழியாமல் வேண்டுமாம். "யார் எடுக்கிறீங்க?" என்று கேட்டார். இறங்கியது நான்தான். முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவ வேண்டியிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது, அக்கா. வெளியே உறைபனி, அதற்குள் உயிருள்ள மிருகத்தின் வயிறு மாதிரி வெதுவெதுப்பு. வேர்கள் விரலில் நூல் நூலாகக் கழன்று வந்தன. இருநூற்றுப் பதினான்கு சீட்டு எடுத்தேன். எல்லாவற்றிலும் ஒரே தேதி, நான் கொட்டகையில் பூட்டி வைத்த கன்றுகள் வந்த தேதி. ஓடை மேட்டுக்குப் போன பெட்டிகளின் தேதி வேறு. விலியாமியின் கை அந்தப் பள்ளத்துப் பெட்டி எதிலும் படவில்லை என்று அங்கேயே எழுதினார் அந்தம்மா. பிரெண்டன் காரைவிட்டு இறங்கவே இல்லை.

விலியாமி வெள்ளைச் சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக வந்திருந்தான். மேற்குச் சரிவைப் பார்த்து முடித்த பிறகு அதிகாரியம்மா, "உயிரோட இருக்கிற இடம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். கொஞ்சம் அலுத்துப் போயிருந்தார். விலியாமி ஷூவைக் கழற்றி வேலியில் வைத்துவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு ஓடை மேட்டில் இறங்கினான். அவன் முன்னால் நடந்து சொன்னான், நான் பின்னால் எழுதினேன்.

"இருக்கு. இருக்கு. இருக்கு. செத்துப்போச்சு. இருக்கு."

ஓர் இடத்தில் கன்று பாதி காய்ந்திருந்தது. நான் அதை உயிர் என்று எழுதப் போனேன். பழக்கம். திரும்பிப் பார்த்தான். "அது செத்துப்போச்சு, பாஸ். செத்துப்போச்சுன்னு எழுதுங்க." எழுதினேன்.

இருநூறில் நூற்று எழுபத்தொன்று. அந்த ஓடை மேடு மட்டும்தான் காடாகப் பதிவாகும். மீதிக் குன்றுகளைக் கம்பெனி விற்கப்போகிறது, வாங்கப்போவது பைன்காரர்கள். பிரெண்டன் கார் ஜன்னலை இறக்கி எனக்கு அதைச் சொல்லிவிட்டுப் போனான்: "சந்தோஷமா? அடுத்த வருஷம் இந்தப் பக்கம் வந்து பாரு, ஓடையோரம் தவிர எல்லாம் ஊசியிலைதான்." விலியாமிக்கும் கேட்டது. குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.

நான் அவனிடம் போய், முற்றத்தில் சொன்னது பொய், உன்மேல் பழி போட்டேன், தப்பு என்றேன். கையை நீட்டினேன்.

அவன் என் கையைப் பார்த்தான். அப்போதுதான் நானும் பார்த்தேன். நகத்திலிருந்து முழங்கை வரை கறுப்பாக, வடிந்துகொண்டு இருந்தது.

"போய்க் கழுவிட்டு வாங்க" என்றான்.

ஓடைக்குப் போனேன். மணலைப் போட்டுத் தேய்த்தேன். தோல் சிவந்து விரல்கள் மரத்துப்போகும் வரை தேய்த்தேன். போய்விட்டிருப்பான் என்றுதான் நினைத்தேன். வேன் கிளம்பும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே கழுவினேன். திரும்பி வந்தபோது வேலியருகில் அதே இடத்தில் நின்றிருந்தான்.

கையைப் பிடித்துக் குலுக்கினான். சிரிக்கவில்லை. பிடியைத் தளர்த்தாமல் என் கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தான்.

"இன்னும் போகல, பாஸ்" என்றான். பிறகு கையை விட்டுவிட்டு வேனில் ஏறிப் போனான்.

அலிஸ்டர்